ட்யூன் ஊருக்கே தெரியும், பேரு மட்டும் தெரியாது

மதுரை டவுன்ஹால் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல பாட்டு பதிஞ்சு கொடுக்குற கடை ஒண்ணு இருந்துச்சு, தொண்ணூறுகளோட ஆரம்பத்துல நான் அங்க நாலு வருஷம் வேலை பாத்தேன். இப்ப இருக்குற பசங்களுக்கு இப்படி ஒரு தொழில் இருந்ததே தெரியாது. ஆளுங்க ஒரு நோட்டுப் பேப்பர்ல பதினஞ்சு பாட்டு எழுதிக் கொண்டாந்து கொடுப்பாங்க, சிக்ஸ்டி கேசட்னா ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம், நைன்டின்னா முக்கா மணி, அதுக்குள்ள எது அடங்கும் எது கடைசில பாதியில அறுபடும்னு மனசுக்குள்ளயே கணக்குப் போட்டு பதிஞ்சு, உள்ள வைக்கிற அட்டையில அழகா எழுதிக் கொடுக்கணும். படம், பாட்டு, பாடினவங்க, மியூசிக்னு நாலு கட்டம். என் கையெழுத்து நல்லா இருக்கும், அதுக்குத்தான் என்னை வேலைக்கே எடுத்தாங்க.

ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாத்தியாரு வந்தாரு. கையில புது கேசட், கவர் கூட பிரிக்கல. லிஸ்ட்டு எதுவும் இல்ல. "தம்பி, டிவில வருமே ஒண்ணு"ன்னு சொல்லிட்டு கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டே "தானா நானா தானனா நா"ன்னு முணுமுணுத்தாரு. அவர் முடிக்கல, கடையில நின்ன மூணு பேரும் மிச்சத்த சேந்து பாடி முடிச்சுட்டாங்க. அதுல ஒருத்தர் பக்கத்துக் கடைக்கு மூட்டை எறக்க வந்தவரு.

"மால்குடி டேஸ்"னாரு கடை அண்ணன். "அது கேசட்டுல வரல சார்."

"சரி, மியூசிக் யாருப்பா?"

யாரும் வாயத் தெறக்கல. இது மதுரைங்க. பஸ்ஸுல ஒரு பாட்டு ஆரம்பிச்சா வயலின் வர்றதுக்குள்ள படம் பேரு, ஹீரோ, எந்தத் தியேட்டர்ல எத்தனை நாள் ஓடுச்சுன்னு சொல்ற ஊரு. எங்க கடையிலயே ஏ பக்கம் பி பக்கம் எல்லாம் மனப்பாடமா வச்சிருந்த ஆளுங்க இருந்தாங்க. அவங்களுக்கே தெரியல. அந்த ட்யூனு தெரியாத ஆளு ஊர்ல இல்ல, போட்டவர் பேரு தெரிஞ்ச ஆளும் இல்ல.

அவர் பேரு எல். வைத்தியநாதன். 1942-ல பிறந்தவரு, 2007 மே மாசம் காலமானாரு. தமிழ்க்காரரு, வயலின்காரரு. இவரப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், அதுக்குக் காரணம் அந்த ட்யூன் மட்டும் இல்ல. படத்துக்கும் டிவிக்கும் பின்னணி இசை போடுறதுன்னா என்ன வேலை, அதச் செய்யுற ஆளு பேரு ஏன் வெளிய தெரிய மாட்டேங்குதுன்னு புரிஞ்சுக்க இவரு வாழ்க்கைய விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

குடும்பத்துல இருந்தே ஆரம்பிப்போம். அப்பா வி. லட்சுமிநாராயணா, வயலின் வித்வான். யாழ்ப்பாணத்துல சங்கீதம் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தவரு, 1958-ல இலங்கையில கலவரம் வந்தப்புறம் குடும்பத்தோட சென்னைக்கு வந்தாரு. அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்துச்சு, வயலின் காலம் பூரா பாடகருக்குப் பக்கவாத்தியமாவே உக்காந்துட்டு இருக்கக் கூடாது, தனியா மேடையில நடுவுல உக்காரணும்னு. நீங்க தல்லாகுளத்துல லட்சுமி சுந்தரம் ஹால் பக்கம் கச்சேரிக்குப் போயிருந்தா தெரியும், நோட்டீஸ்ல பாடகர் பேரு பெருசா இருக்கும், வயலின் மிருதங்கம் எல்லாம் கீழ பொடி எழுத்துல. அந்தப் பொடி எழுத்துல இருந்து வயலின மேல ஏத்தணும்ங்கிறதுதான் அவரோட ஆசை.

பிள்ளைங்க அத நடத்திக் காட்டிட்டாங்க. எல். சுப்பிரமணியம், எல். சங்கர், ரெண்டு பேரும் உலகம் பூரா தனி வயலின் வாசிச்சவங்க. சங்கர் எழுபதுகள்லயே ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் கூட சேந்து சக்தின்னு ஒரு குழுவுல வாசிச்சாரு. சுப்பிரமணியம் 1988-ல வந்த சலாம் பாம்பேக்கு இசை போட்டாரு. மூத்த பிள்ளைதான் வைத்தியநாதன். அண்ணன் தம்பி மூணு பேரும் சேந்து ஒரே மேடையில வயலின் வாசிச்சதும் உண்டு. அப்பா ஆசைப்பட்ட மாதிரி தம்பிங்க நடு மேடைக்குப் போனாங்க, அண்ணன் மட்டும் சினிமாவுக்குப் போயி மறுபடி பக்கவாத்தியம் ஆகிட்டாரு. இந்தத் தடவ பாடகருக்கு இல்ல, படத்துக்கு. இத நான் குறையா சொல்லல, என் வரைக்கும் அவரோட பெருமையே இங்கதான் இருக்குது.

சினிமாவுல அவரு ஜி.கே. வெங்கடேஷ் கிட்ட உதவியாளரா இருந்தவரு. கன்னடத்துல பெரிய இசையமைப்பாளர் ஜி.கே.வி. இதே ஆளு கிட்டதான் நம்ம பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவும் உதவியாளரா இருந்தாரு. பண்ணைப்புரம்னதும் தேனி மாவட்டம்னு சண்டைக்கு வராதீங்க, 1996-ல தேனி தனியாப் பிரியுற வரைக்கும் அது எங்க மதுரை மாவட்டம்தான். ஒரே பட்டறையில ரெண்டு பேரு, ஒருத்தர் 1976-ல இருந்து தமிழ்நாட்டோட காது முழுக்க நெறஞ்சு நின்னாரு, இன்னொருத்தர் பக்கத்துல சத்தமில்லாம, ஆர்ட் படம், கன்னடப் படம், டிவின்னு போயிட்டு இருந்தாரு. 1978-ல கன்னடத்துல அபரிசிதான்னு ஒரு த்ரில்லர் படம் பண்ணாரு, அதுல வாணி ஜெயராம் பாடின பாட்ட பெங்களூர்ல இன்னிக்கும் மேடையில பாடுறாங்க.

இப்ப அந்த டிவி ட்யூனுக்கு வருவோம்.

மால்குடி டேஸ் தூர்தர்ஷன்ல எண்பதுகளோட நடுவுல வந்துச்சு. ஆர்.கே. நாராயண் கதைங்க, சங்கர் நாக் டைரக்‌ஷன், ஷூட்டிங் கர்நாடகாவுல சிவமொக்கா மாவட்டத்துல ஆகும்பேங்கிற மழை ஊர்ல. சங்கர் நாக் எடுத்தது 39 எபிசோடு. எங்க தெருவுல ரெண்டு வீட்டுல டிவி, கொடைக்கானல் டவர் பக்கமா ஆண்டெனாவத் திருப்பி வச்சு, மாடியில ஒருத்தன் நின்னு "இப்ப தெரியுதா"ன்னு கத்த, கீழ இருந்து "இன்னும் அங்குட்டு, இன்னும் கொஞ்சம்"னு ஒரு கூட்டம் கத்தும். புள்ளி புள்ளியா படம் வரும். பேசுறது இந்தி. எங்களுக்கு இந்தி சுத்தமா தெரியாது, "நஹி"ங்கிறது மட்டும் தெரியும். ஆனா ஒரு எபிசோடு விட்டதில்ல.

எப்படிப் பாத்தோம்னு பின்னாடி யோசிச்சா பதில் இதுதான், மியூசிக்கு மொழிபெயர்த்துச்சு. சாமிங்கிற பையன் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடுறான்னா அது என்ன மாதிரி ஓட்டம், விளையாட்டா, விபரீதமான்னு அந்த ரெண்டு நிமிஷ இசை சொல்லிடும். அதுக்கு மேல வசனம் எதுக்கு. டைட்டில்ல ஆர்.கே. லட்சுமணன் வரைஞ்ச படங்க, அண்ணன் எழுதினதுக்குத் தம்பி வரைஞ்சது, அதுக்குக் கீழ வார்த்தையே இல்லாத குரல். தானா நானான்னு மட்டும். நாலு தென்னாட்டு மொழிக்காரங்களும் இந்திக்காரங்களும் பாக்கப் போற சீரியல், எந்த மொழியில பாட்டு எழுதினாலும் மத்தவங்க வெளிய நிப்பாங்க, வார்த்தைய எடுத்துட்டா எல்லாரும் உள்ள வந்துடலாம். இத அவரு யோசிச்சுத்தான் செஞ்சாரா, இல்ல அப்படியே வாயில வந்துச்சா, எனக்குத் தெரிய வேண்டியதில்ல. ஆனா எங்க தெருவுல மூணு வயசுப் பிள்ளையில இருந்து தாயம் விளையாடுற கிழவி வரைக்கும் பாடுனதுக்குக் காரணம் அதுதான்.

டிவிக்கு இசை போடுறதுல இன்னொரு சங்கதி இருக்குது, கடையில ஸ்பீக்கர் மாத்திப் பழகினதுல எனக்குப் புரிஞ்சது. அந்தக் காலத்து டிவிப் பெட்டியில இருந்த ஸ்பீக்கரு உள்ளங்கை அகலம்தான். அதுல பேஸ் வராது. நீங்க நாப்பது பேர வச்சு கீழ் ஸ்தாயியில உறும விட்டாலும் வீட்டுல கேக்குறது கொசு கத்துற மாதிரிதான் இருக்கும். தெளிவா வர்றது மனுசக் குரலு, புல்லாங்குழலு, வயலினு, இந்த நடு ஸ்தாயி சமாச்சாரம்தான். அதோட இன்னொண்ணு, தியேட்டர்ல ஆளு காசு கொடுத்து இருட்டுல உக்காந்து பாக்குறான், எழுந்திருக்க மாட்டான். டிவிய அப்படிப் பாக்குறதில்ல, அடுப்புல பால் இருக்கும், வாசல்ல யாரோ கூப்பிடுவாங்க. அதனால டிவி டைட்டில் மியூசிக்குக்கு முதல் வேலையே அடுப்படியில இருக்குறவங்கள கூடத்துக்குக் கூட்டிட்டு வர்றது. பள்ளிக்கூட மணி மாதிரி. எங்க அம்மா அந்தக் குரல் கேட்டதும் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டே வந்து நிலைப்படியில உக்காருவாங்க, அது கண்ணுக்குள்ளயே நிக்குது.

இன்னிக்கு சீரியல்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். சோகத்துக்கு ஒரு பிட்டு, வில்லிக்கு ஒரு பிட்டு, அதிர்ச்சிக்கு ஒரு பிட்டு, மொதல்லயே போட்டு வச்சுட்டு எடிட்டிங்ல எடுத்து எடுத்து ஒட்டுறது. அதிர்ச்சின்னா மூணு தடவ முகத்துக்குக் கிட்டப் போயி மூணு தடவ டமார். தினம் ஒரு எபிசோடு கொடுக்கணும்னா வேற வழியும் இல்ல, திட்டிப் புண்ணியம் இல்ல.

சினிமாவுல ரீ-ரெக்கார்டிங், அதாவது எடுத்து முடிச்ச படத்துக்குப் பின்னணி இசை பதியுறது, நடக்குற விதம் வேற. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல படத்த ஓட விட்டு கீபோர்டுல வாசிச்சா முடிஞ்சுது. பிலிம் காலத்துல ரீல் ரீலாத்தான் நடக்கும். ஒரு ரீலு ஆயிரம் அடி, நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், ஆக ஒரு ரீலு பதினோரு நிமிஷம். அந்த ரீல திரையில ஓட விட்டு இசையமைப்பாளர் பாப்பாரு, எந்த எடத்துல இசை ஆரம்பிக்கணும் எங்க நிக்கணும்னு செகண்டு கணக்குல குறிச்சுக்குவாரு, நோட்ஸ் எழுதி வாசிக்கிறவங்களுக்குக் கொடுப்பாரு. அப்புறம் அத்தனை பேரும் உக்காந்து, திரையில படம் ஓட ஓட ஒரே மூச்சுல வாசிக்கணும். கதவு சாத்துற எடத்துல வயலின் நிக்கணும்னா நிக்கணும், அரை செகண்டு தள்ளிப் போனாலும் மறுபடி மொதல்ல இருந்து. அதுக்கப்புறம் மிக்ஸிங்ல வசனம் ஒரு பக்கம், எஃபெக்ட்ஸ் ஒரு பக்கம், மியூசிக் ஒரு பக்கம்னு வந்து நிக்கும், எல்லாத்தையும் மோனோவுல ஒரே ட்ராக்கா அடக்கணும். ஒரே வாசல்ல மூணு பேரு நுழையுற மாதிரி. வசனம் வந்தா இசை ஒதுங்கித்தான் ஆகணும். ராத்திரி பகலா உக்காந்து எழுதினது பாதி, ஹீரோ இருமுற சத்தத்துக்குக் கீழ போயிடும்.

அப்ப வசனமே இல்லாத படம் ஒண்ணு கையில கிடைச்சா?

1987-ல வந்த பேசும் படம். சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்‌ஷன், கமல், அமலா. கன்னடத்துல புஷ்பக விமானா. ஒரு வார்த்த கூட வசனம் கிடையாது. இதுக்கும் இசை வைத்தியநாதன்தான். நான் பாத்தது ரெண்டாவது ரவுண்டுல, மதுரையில ஒரு பழைய தியேட்டர்ல, பகல் காட்சி. படம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, யாரும் பேசல. பெஞ்சு டிக்கெட்டுல இருந்து ஒருத்தன், "ஆப்பரேட்டரே, சவுண்ட வைய்யா!" விசில். இன்னொருத்தன், "லேய், படமே அப்படித்தாம்லே, போஸ்டரப் பாக்காமயா வந்த." அதுக்கப்புறம் எங்க ஆளுங்களே வசனம் பேச ஆரம்பிச்சாங்க, கமல் வாயத் தெறக்காததுக்கு முன்சீட்டுக்காரரு பேசினாரு. அரைமணி நேரத்துல அதுவும் அடங்கிருச்சு. மொத்தத் தியேட்டரும் கேக்க ஆரம்பிச்சுது.

எதக் கேட்டோம்? வசனம் இல்லாத படம்னா வெறும் எடத்த எல்லாம் மியூசிக்கால ரொப்பியிருப்பாங்கன்னுதான் யாரும் நினைப்பாங்க, கையில கிடைச்ச வாய்ப்ப எவன் விடுவான். ஆனா இந்தப் படத்துல பல எடத்துல வர்றது ஊர்ச் சத்தம். காலையில லாட்ஜ் கக்கூசு வாசல்ல நிக்கிற வரிசை, ரோட்டுல போற வண்டி, பாத்திரம். அதுல ஒரு கட்டம் இருக்குது. வேலையில்லாத பையன், ஒரு சினிமா தியேட்டர ஒட்டின அறையில குடியிருக்கான். ராத்திரி பூரா சுவத்துக்கு அந்தப் பக்கம் சண்டைக் காட்சி சத்தம், அதக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவான். அப்புறம் ஒரு பணக்காரன அடைச்சு வச்சுட்டு அவன் பேருல ஸ்டார் ஓட்டல் ரூம்ல போயி படுக்குறான், மெத்தை, ஏசி, ஒரு சத்தம் இல்ல. தூக்கம் வரல. புரண்டு புரண்டு படுக்குறான். கடைசில போயி அந்தத் தியேட்டர் சத்தத்த டேப்ல பதிஞ்சுட்டு வந்து தலைமாட்டுல போட்டதும்தான் தூங்குறான்.

தியேட்டரே சிரிச்சுது, நான் சிரிக்கல, ஏன்னா எனக்கு அது தொழில். நானும் சத்தத்தப் பதிஞ்சு விக்கிறவன்தான். ஆனா அன்னிக்குத்தான் புரிஞ்சது, அந்தக் காட்சியில ஒரு சொட்டு சோக வயலின் விழுந்திருந்தா கூட காட்சி செத்திருக்கும். சும்மா இருக்குறதுக்கு ஒரு தெம்பு வேணும். கச்சேரியில நல்ல பக்கவாத்தியக்காரர கவனிச்சுப் பாருங்க, பாடகர் உச்சத்துக்குப் போறப்ப வயலின மடியில சாச்சு வச்சுட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு, அவர் மூச்சு வாங்குற எடத்துல ஒரு வரி கொடுப்பாரு. வைத்தியநாதன் அப்பா வீட்டுல கத்துக்கிட்டது அந்த வித்தை. படம் மூச்சு வாங்குற எடத்துல மட்டும் வாசிச்சாரு. கடைசில அமலா விலாசம் எழுதிக் கொடுத்த சீட்டு காத்துல பறந்து சாக்கடையில விழுந்து, பையன் கையில ரோஜாப்பூ மட்டும் நிக்கிறப்ப, எங்க வரிசையில ஒருத்தர் "அட பாவி"ன்னாரு. அந்த மத்தியானத்துல கடைசியாக் கேட்ட வசனம் அதுதான்.

அந்தப் படத்து டைட்டில்லதான் எனக்கு அவர் பேரு மனசுல பதிஞ்சது. கடைக்கு வந்து பழைய ரெக்கார்டுகளத் தொடச்சு அடுக்குறப்ப ஏழாவது மனிதன் கையில வந்துச்சு, பின்னட்டையில அதே பேரு. அடப்பாவி, இவரா!

அதப் பத்தி சொல்லியே ஆகணும். 1982, பாரதி நூற்றாண்டு வருஷம். ஹரிஹரன் டைரக்‌ஷன், ரகுவரன் ஹீரோவா வந்த மொத படம், திருநெல்வேலிப் பக்கத்து கிராமமும் அங்க வர்ற சிமெண்டு பேக்டரி புகையும்தான் கதை. பாட்டு பூரா பாரதியாரு. 1949-லயே பாரதி பாட்டு பொதுவுடைமை ஆயிட்டதால யாரு வேணா ட்யூன் போடலாம், ஆனா போடுறவனுக்கு ஒரு கஷ்டம், ஏற்கனவே நூறு பேரு போட்டிருப்பான், பள்ளிக்கூடத்துல இருந்து மேடை வரைக்கும் ஆளாளுக்கு ஒரு மெட்டு வச்சிருப்பாங்க. அதையெல்லாம் தாண்டி காக்கைச் சிறகினிலேக்கு இவரு ஒரு மெட்டு போட்டு யேசுதாஸ பாட வச்சாரு பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு வேற மெட்டு காதுல ஏறவே இல்ல. பாரதியோட கொள்ளுப் பேரன் ராஜ்குமார் பாரதியும் அந்தப் படத்துல பாடியிருக்காரு. அந்த வருஷம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதுக்குத்தான்.

வடக்கு வெளி வீதியில சேதுபதி பள்ளிக்கூடம் தெரியும்ல, 1904-ல பாரதி மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேல தமிழ் வாத்தியாரா இருந்த எடம், அவர் சிலை கூட இருக்குது. அந்த வழியா போறப்ப ஒருநாள் வேற ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாட்டுப் போட்டிக்கு வந்ததுங்க, ரோட்டோரத்துல நின்னு ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. காக்கைச் சிறகினிலே. மெட்டு அச்சு அசல் ஏழாவது மனிதன். கூட வந்த டீச்சரம்மா கிட்ட "இது சினிமா மெட்டு தெரியுமா"ன்னேன். "இல்லைங்க சார், இது பாரதியாரே போட்ட மெட்டு"ன்னு அடிச்சு சொன்னாங்க. நான் மறுத்துப் பேசல. ஒரு இசையமைப்பாளருக்கு இத விட என்ன மரியாத வேணும், இத விட என்ன அநியாயம் வேணும், ரெண்டும் ஒரே வாக்கியத்துல.

1991-ல சேதுமாதவன் எடுத்த மறுபக்கம், இந்திரா பார்த்தசாரதி கதை, சிறந்த படத்துக்கான தேசிய விருதுல தமிழுக்கு மொத மொத தங்கத்தாமரை வாங்கிக் கொடுத்த படம், அதுக்கும் இவருதான். எங்க கடைக்கு வந்து அதப் பதிஞ்சு கேட்ட ஆளு ஒருத்தர் கூட இல்ல, பதியறதுக்கு பாட்டு இருந்தாத்தானே.

பேரு ஏன் நிக்கலங்கிறதுக்கு என் கடைக் கணக்குல ஒரு பதில் இருக்குது, பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்ல. அன்னிக்கு ஒரு இசையமைப்பாளர் பேரு வீட்டுக்குள்ள போனது கேசட் அட்டை வழியா. பாட்டு இருந்தா கேசட், கேசட் இருந்தா அட்டை, அட்டையில பேரு. பின்னணி இசைக்குக் கேசட் போட மாட்டாங்க, அது படத்தோடயே ஓடி படத்தோடயே பெட்டிக்குள்ள போயிடும். டிவிக்கு அதுவும் இல்ல, டைட்டில்ல கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள பேரு ஓடிரும், அதுவும் புள்ளி விழுந்த படத்துல. அப்புறம் ஒரே மொழியில நின்னிருந்தாலும் அந்த மொழிக்காரங்க தூக்கி வச்சு ஆடியிருப்பாங்க, இவரு தமிழு, கன்னடம், இந்தி சீரியல்னு பரவிட்டாரு, எல்லா வீட்டுலயும் விருந்தாளி, எந்த வீட்டுலயும் ரேஷன் கார்டுல பேரு இல்ல. கன்னடக்காரங்க கொஞ்சம் பரவாயில்ல. சிவமொக்கா மாவட்டத்துல அரசாளுன்னு ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன், சீரியல்ல வர்ற ஸ்டேஷன் அதுதான், அத 2020-ல மால்குடி மியூசியமா மாத்திட்டாங்க. நம்ம பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டம் கூட நடந்ததா தெரியல.

பாட்டு போடுறவங்கதான் இசையமைப்பாளர், மத்ததெல்லாம் சும்மா கொசுறுன்னு நினைக்கிற புத்தியும் நம்ம கிட்ட இருக்குது, அத ஒத்துக்கத்தான் வேணும். இப்ப பிஜிஎம் பிஜிஎம்னு பசங்க கொண்டாடுறாங்க, ரிங்டோனு ஸ்டேட்டஸ்னு வைக்கிறாங்க, சந்தோசம்தான். ஆனா அவங்க கொண்டாடுறது பூரா ஹீரோ நடந்து வர்ற மியூசிக்கு. ஹீரோ தூக்கம் வராம படுத்திருக்குற மியூசிக்க யாரும் ஸ்டேட்டஸ் வைக்க மாட்டாங்க.

அந்த உசிலம்பட்டி வாத்தியாரு கத பாதியில நிக்குது. அவரு கேசட்ட கடையிலயே வச்சுட்டு, "எப்பக் கிடைச்சாலும் பதிஞ்சு வைப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. சீரியல மறுபடி போட்டாங்க. கடை அண்ணன் வீட்டு டிவிக்கு முன்னாடி டூ-இன்-ஒன்ன ஸ்பீக்கர ஒட்டினாப்ல வச்சு, வீட்டுல எல்லாரையும் மூச்சு விடாம உக்கார வச்சு, ரெக்கார்டு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேத்து அழுத்தினேன். எல்லாம் சரியாத்தான் போச்சு, குரல் மேல எழும்புற எடத்துல அடுப்படியில குக்கரு விசிலடிச்சிருச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. அண்ணி நாக்கக் கடிச்சுக்கிட்டு ஓடினாங்க.

வாத்தியாரு அடுத்த மாசம் வந்தாரு. போட்டுக் காட்டினேன். "சார், நடுவுல குக்கர் சத்தம் விழுந்திருச்சு, அடுத்த வாரம் திருப்பிப் பதியுறேன், காசு வேண்டாம்"னு சொன்னேன். அவரு கண்ண மூடி கேட்டுக்கிட்டே இருந்தாரு, விசில் வந்தப்ப லேசா சிரிச்சாரு.

"இருக்கட்டும் தம்பி. எங்க வீட்டுலயும் இப்படித்தான் கேட்போம்."

அட்டைய எடுத்தேன். படம்ங்கிற கட்டத்துல மால்குடி டேஸ், பாட்டுங்கிற கட்டத்துல ஒரு கோடு, பாடினவங்கங்கிற கட்டத்துல ஒரு கோடு. நாலாவது கட்டத்துல நல்லா நிறுத்தி, பெருசா, எல். வைத்தியநாதன்னு எழுதிக் கொடுத்தேன்.